பாட்டுக்காரரின் ஞாயிற்றுக்கிழமை: எந்தப் பொட்காஸ்டுக்குக் கொடுப்பது?

கொழும்பில் சொந்தமாகப் பாட்டு எழுதி, சொந்தக் காசில் பதிவு செய்து வெளியிடும் தமிழ்க் கலைஞருக்கு வேலை, கச்சேரி, ஒத்திகை எல்லாம் போக மிஞ்சுவது பெரும்பாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். அந்த நாளைப் பொட்காஸ்டுக்குக் கொடுப்பதென்றால் எந்த வகைக்குக் கொடுப்பது? கைக்கெட்டும் வழிகள் நான்கு. தனியாக மைக் முன் உட்கார்ந்து தன் பாட்டைப் பற்றிப் பேசி, பாடியும் காட்டும் ஒலி நிகழ்ச்சி ஒன்று. மற்றக் கலைஞர்களை அழைத்து யூடியூபில் போடும் வீடியோ நேர்காணல் இன்னொன்று. மற்றவர்களின் நிகழ்ச்சிகளுக்கு விருந்தினராகப் போவது மூன்றாவது. வட்ஸ்அப் சனலில் குரல் பதிவு அனுப்புவது நான்காவது.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தனிக்குரல் நிகழ்ச்சிதான் வீடு. விருந்தினராகப் போவது அந்த வீட்டுக்கு ஆள் கூட்டி வரும் பாதை. வட்ஸ்அப், வந்தவர்கள் உட்கார்ந்து பேசும் திண்ணை. வீடியோ நேர்காணலை இப்போதைக்குத் தள்ளி வைக்கலாம். நான்கையும் நாங்கள் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடை போட்டோம்: நிகழ்ச்சி முடிந்ததும் நேயர் யாரை நினைத்துக்கொண்டு போகிறார்?

இலங்கை வானொலி இருந்த ஊருக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் ஆகிய அறிவிப்பாளர்களின் குரலைத் தமிழ்நாட்டில் இருந்தவர்களும் காத்திருந்து கேட்டார்கள். அவர்கள் போட்டவற்றில் பெரும்பகுதி எங்கும் கிடைத்த சினிமாப் பாட்டுதான். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே வந்த குரலும், நேயர் விருப்பத்தில் வாசிக்கப்பட்ட பெயர்களும்தான் ஆட்களை வானொலிப் பெட்டியோடு கட்டிப்போட்டன. சுயாதீனக் கலைஞரிடம் குரலும் இருக்கிறது, வேறெங்கும் கிடைக்காத பாட்டும் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக வைக்க ஓர் இடம் மட்டும்தான் வேண்டும்.

தனிக்குரல் நிகழ்ச்சி

ஓர் எபிசோட்டுக்கு ஒரு பாட்டு, 12 முதல் 18 நிமிடம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. இதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். வாரம் ஒன்று என்று தொடங்கும் பல நிகழ்ச்சிகள் ஐந்தாவது எபிசோட்டோடு மூச்சு வாங்குகின்றன. 6 அல்லது 8 எபிசோட்டை ஒரு பருவமாக அறிவித்து, மூன்றை முன்கூட்டியே முடித்து வைத்துக்கொண்டு முதலாவதை வெளியிடுங்கள். பருவம் முடிந்தது என்று சொல்லிவிட்டு ஓய்வெடுத்தால் நேயர் காத்திருப்பார். சொல்லாமல் காணாமற்போனால் மறந்துவிடுவார்.

இந்த வடிவத்தின் பலம், பாட்டைக் கழற்றிக் காட்ட முடிவதில் இருக்கிறது. 15 நிமிடத்தை இப்படிப் பிரித்துப் பாருங்கள். முதல் 20 விநாடிக்கு அறிமுக இசை வேண்டாம், ‘அனைவருக்கும் வணக்கம்’ கூட வேண்டாம். பாட்டின் ஒரே ஒரு தடத்தை மட்டும் ஒலிக்க விடுங்கள்: தனி வயலின், அல்லது தாளம் இல்லாத வெறுங்குரல். அதன்பின் உங்கள் பெயரும் பாட்டின் பெயரும் ஒரே வாக்கியத்தில். அடுத்த நாலைந்து நிமிடம், பாட்டு உருவான விதம். எந்த வரி முதலில் வந்தது, எந்த வரியை வெட்டினீர்கள், சரணத்தில் ‘கடல்’ என்று இருந்த சொல் ஏன் ‘கரை’ ஆனது என்பதையெல்லாம் இங்கே சொல்லுங்கள். போனில் முணுமுணுத்துப் பதிந்த முதல் மெட்டு இருந்தால் அதையும் போடுங்கள், தொண்டை கரகரத்திருந்தாலும் பரவாயில்லை. பிறகு தபேலா, அதன்மேல் பேஸ் கிட்டார், அதன்மேல் குரல் என்று தடங்களை ஒவ்வொன்றாக அடுக்குங்கள். கடைசியில்தான் முழுப் பாட்டு. அதற்குள் நேயருக்கு எதைக் கவனித்துக் கேட்க வேண்டும் என்று தெரிந்திருக்கும். பாட்டு அவருக்கும் கொஞ்சம் சொந்தமாகியிருக்கும்.

அந்த முழுப் பாட்டு, நீங்கள் வெளியிட்ட ஸ்டூடியோப் பதிவாக இல்லாமல் ஒரு குரல், ஒரு வாத்தியம் என்று தனியாகப் பதிந்ததாக இருக்கட்டும். ஸ்டூடியோப் பதிவைப் பொட்காஸ்டில் கேட்டால் அந்தக் கேட்பு, இசைத் தளங்களில் பாட்டு எத்தனை தடவை கேட்கப்பட்டது என்ற எண்ணிக்கையில் சேராது. வேறு வடிவம் என்றால் நேயருக்கு இங்கே மட்டும் கிடைக்கும் ஒன்று கிடைக்கிறது, மூலப் பதிவைத் தேடிப் போகவும் ஒரு காரணம் இருக்கிறது.

இதற்கெல்லாம் ஸ்டெம் வேண்டும், அதாவது குரலும் ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனிக் கோப்பாக. பாட்டு மிக்ஸ் ஆகும் நாளிலேயே ஸ்டூடியோவிடம் கேட்டு வாங்குங்கள்: 24 பிட் வேவ் கோப்புகள், எல்லாத் தடமும் ஒரே தொடக்கப் புள்ளியில் இருந்து. ஒரு வருடம் கழித்துக் கேட்டால் ப்ளகின் மாறியிருக்கும், ப்ரொஜெக்ட் திறக்காது, ஹார்ட் டிஸ்க் யாரிடம் என்று தெரியாது.

வயலின் வாசித்தவர், தபேலா வாசித்தவர் ஆகியோரின் சம்மதத்தையும் எழுத்தில் வாங்குங்கள், ஒரு வட்ஸ்அப் செய்தியாவது இருக்கட்டும். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் பாட்டை ஆக்கியவருக்கு மட்டுமன்றி, வாசித்தவருக்கும் பதிவைத் தயாரித்தவருக்கும் உரிமை தருகிறது. சினிமாப் பாட்டைத் தொடாதீர்கள். ‘10 விநாடிக்குள் போட்டால் பிரச்சினை இல்லை’ என்று சொல்வார்கள், அப்படி ஒரு விதி கிடையாது. தேவாரத்தின் சொற்கள் எல்லோருக்கும் பொது. ஆனால் அதை இன்னொருவர் பாடிய ஒலிப்பதிவு பொது இல்லை.

கொழும்பு வீட்டில் ஒலிப்பதிவு

இங்கேதான் அதிகம் பேர் தோற்கிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறோம். நம் வீடுகளின் தரை மாபிள் அல்லது ஓடு, சுவர் சீமெந்து. அறையின் நடுவே நின்று ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். ‘டிங்’ என்று ஒரு வால் நீண்டால் அந்த அறையில் எந்த விலை மைக்கும் கிணற்றுக்குள் இருந்து பேசுவது போலத்தான் பதியும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் மைக் விலை கேட்பதற்கு முன் வீட்டு அலுமாரியைத் திறங்கள். உடுப்பு நிறைந்த அலுமாரிக்கு முன்னால், அதைப் பார்த்தபடி உட்காருங்கள். உங்களுக்குப் பின்னால் ஒரு மெத்தையை நிமிர்த்தி வையுங்கள், காலடியில் பாய் அல்லது கம்பளம் விரியுங்கள். திரும்பவும் கைதட்டுங்கள். வித்தியாசம் காதுக்கே தெரியும்.

மைக் வாங்குவதானால் டைனமிக் வகைதான். கண்டென்ஸர் மைக் நுணுக்கமாகப் பதியும் என்பது உண்மை. ஆனால் காலி வீதி பஸ் ஹோர்னையும், காக்கையையும், சூன் பாண் ஓட்டோவின் மெட்டையும் அதே நுணுக்கத்தோடு அது பதிந்து தரும். நம் ஊர் ஈரப்பதத்தில் நாளடைவில் வெடிப்பொலியும் வரத் தொடங்கும். ஏற்கெனவே இருக்கிறதென்றால் சிலிகா ஜெல் பையோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். மேடையில் பாடும் ஷுவர் எஸ்எம்58 கையில் இருந்தால் அதுவே போதும். வாயிலிருந்து 10 முதல் 15 சென்ரிமீற்றர் தூரத்தில், நேருக்கு நேராக இல்லாமல் சற்றுச் சாய்த்துப் பிடியுங்கள். ‘ப’, ‘ப்ப’ எழுத்துகளின் காற்று அப்போது மைக்கில் மோதாது. நீங்கள் சத்தமாகப் பேசும் இடத்திலும் பதிவின் அளவு −12 டெசிபெலைச் சுற்றி நிற்கட்டும், −6ஐத் தாண்ட வேண்டாம்.

மின்விசிறியை நிறுத்துங்கள். வியர்க்கும், ஆகவே 10 நிமிடத் துண்டுகளாகப் பதியுங்கள். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பற்றரியில் ஓட்டுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், நில இணைப்பு சரியில்லாத சார்ஜரிலிருந்து 50இலும் 100இலும் ஒரு ‘ம்ம்ம்’ நுழைந்துவிடும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டியில் கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு ரயில் இன்னொரு தொல்லை. கடந்து போகும்போது காது கவனிக்காத அடிமுழக்கத்தை மைக் கவனித்துவிடும். பேச்சுத் தடத்துக்கு மட்டும் 80 ஹெர்ட்ஸில் ஹை-பாஸ் ஃபில்டர் (அதற்குக் கீழுள்ள அடியொலியை வெட்டும் வடிகட்டி) போட்டால் பெரும்பகுதி போய்விடும். பாட்டுத் தடத்தில் அதைப் போடாதீர்கள், மிருதங்கத்தின் தொப்பிப் பக்கமும் பேஸும் மெலிந்துவிடும். இரைச்சல் நீக்கும் கருவியும் அப்படித்தான். பேச்சில் கொஞ்சமாகப் பயன்படுத்தலாம், பாட்டில் பட்டால் தண்ணீருக்குள் பாடுவது போல ஆகிவிடும்.

அடுத்த பிழை இசைக்கலைஞர்களின் நிகழ்ச்சிகளுக்கே உரியது: பேச்சு சன்னமாக இருக்கும், திடீரென்று பாட்டு இடிபோல விழும். காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தை அளக்கும் அலகு எல்யூஎஃப்எஸ். பேச்சு −20 எல்யூஎஃப்எஸ், மாஸ்டர் செய்த பாட்டு −9 என்றால் இடைவெளி 11. 138ஆம் இலக்க பஸ்ஸில் காதொலிக்கருவியோடு இருப்பவர் ஒலியைக் குறைப்பார். அடுத்துப் பேச்சு கேட்காது, நிறுத்திவிடுவார். அப்பிள் பொட்காஸ்ட் பரிந்துரைக்கும் அளவு −16 எல்யூஎஃப்எஸ், உச்சம் −1 டெசிபெல். பேச்சை −16க்கு உயர்த்துங்கள், பாட்டை அதே அளவுக்கோ இன்னும் ஒன்று குறைவாகவோ இறக்குங்கள். கட்டணமில்லாத ஓடாசிட்டியில் இதற்கென்றே ஒலியளவு சமன்செய்யும் வசதி இருக்கிறது. மோனோத் தடமானால் அதை இரட்டை மோனோவாகக் கணக்கிடும் பெட்டியில் சரி போட மறக்காதீர்கள். மறந்தால் கணக்கு 3 டெசிபெல் பிசகும்.

இறுதிக் கோப்பு 128 கேபிபிஎஸ் ஸ்டீரியோ எம்பி3. 15 நிமிடத்துக்கு ஏறத்தாழ 14.4 எம்பி வரும். வெறும் பேச்சுக்கு 64 மோனோ போதும், பாட்டு இருந்தால் போதாது: சிம்பலும் வயலினும் மணலாகிவிடும். கடைசி வரை வேவில் வேலை செய்து ஒருமுறை மட்டும் எம்பி3 ஆக்குங்கள்.

எங்கே ஏற்றுவது

இதில் நீண்ட யோசனை தேவையில்லை. 2019இல் ஸ்பொட்டிஃபை வாங்கிய அங்கர், இன்று ஸ்பொட்டிஃபை ஃபோர் கிரியேட்டர்ஸ் என்ற பெயரில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. தொடங்க அது போதும். மாதம் 10 முதல் 20 டொலர் கேட்கும் சேவைகளில் புள்ளிவிவரம் விரிவாக இருக்கும், முதல் பருவத்துக்கு அவசியமில்லை. எதை எடுத்தாலும் ஆர்எஸ்எஸ் முகவரி (எல்லாப் பொட்காஸ்ட் ஆப்களும் உங்கள் எபிசோட்டுகளை எடுத்துக்கொள்ளும் இணைப்பு) கிடைக்கிறதா, பின்னாளில் வேறிடத்துக்குத் திசைதிருப்ப விடுவார்களா என்று பாருங்கள். 2024இல் கூகுள் பொட்காஸ்ட் மூடப்பட்டபோது ஆர்எஸ்எஸ்ஸில் இருந்த நிகழ்ச்சிகள் எதுவும் தொலையவில்லை, நேயர்கள் வேறு ஆப்பில் தொடர்ந்தார்கள்.

ஆர்எஸ்எஸ்ஸில் போடும் மின்னஞ்சல் வெளியே தெரியக்கூடியது, அதற்கென்று தனி முகவரி திறங்கள். மொழியில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். அட்டைப்படம் 3000க்கு 3000 பிக்ஸல் சதுரம். அதைப் போன் திரையில் பெருவிரல் நகத்தளவுக்குச் சுருக்கிப் பார்த்து, பெயர் வாசிக்க முடிந்தால் மட்டும் ஏற்றுங்கள்.

வெளியிட ஏற்ற நேரம் வெள்ளிக்கிழமை மாலை 4 மணி. கொழும்பில் வேலை விட்டு பஸ் ஏறும் நேரம் நெருங்குகிறது. கோடை காலத்தில் அப்போது ரொறன்ரோவில் காலை 6.30, லண்டனில் முற்பகல் 11.30. ரொறன்ரோ நேயர் காரில் வேலைக்குப் புறப்படும்போது புது எபிசோட் காத்திருக்கும்.

வீடியோ நேர்காணல்

இதன் பலத்தை மறைக்க முடியாது. தமிழர்கள் யூடியூபில்தான் தேடுகிறார்கள். இங்கே யூடியூபுக்கென்றே விற்கப்படும் டேட்டா பொதிகளும் உண்டு. விருந்தினரின் ரசிகர்கள் வந்து பார்ப்பார்கள், எண்ணிக்கை சட்டென்று ஏறும். ஆனால் எங்கள் கேள்வியை இங்கே கேளுங்கள். ஒரு மணி நேரம் நீங்கள் கேள்வி கேட்டீர்கள், விருந்தினர் தன் கதையைச் சொன்னார். நேயர் மனதில் தங்குவது அவருடைய பாட்டு. உங்களை நல்ல தொகுப்பாளர் என்று நினைப்பார்கள், பாடகர் என்று நினைக்க மாட்டார்கள்.

உழைப்பும் கூடுதல். இரண்டு போனில் 45 நிமிடம் 1080பி பதிந்தால், கோப்பைச் சுருக்கிப் பதியும் ஐபோனின் எச்இவிசி வடிவில் நிமிடத்துக்கு 60 எம்பி என்ற கணக்கில்கூட மொத்தம் 5.4 ஜிபி. பகல் வெக்கையில் போன் சூடேறிப் பதிவு நடுவே நிற்கும், கவனித்தால்தான் தெரியும். அழைப்பு வந்தாலும் பதிவு கெடும், ஃப்ளைட் மோடில் போட்டுவிடுங்கள். ஒலியைத் தனியாகப் பதிந்து, தொடக்கத்தில் கைதட்டி, அந்த ஓசையை வைத்து இரண்டையும் பொருத்துங்கள். வழக்கமான யூடியூப் ஆப்பில் கட்டணம் கட்டாதவர் திரையை அணைத்தால் ஒலியும் நின்றுவிடும். சமைத்துக்கொண்டும் பஸ்ஸில் நின்றுகொண்டும் கேட்பவரை இப்படித்தான் இழக்கிறோம்.

இன்னொரு சிக்கல் பலரைத் திகைக்க வைக்கிறது. பாட்டை இசைத் தளங்களுக்கு அனுப்பும் விநியோகஸ்தர் மூலம் வெளியிடும்போது, ஒரு பாட்டை யார் ஏற்றினாலும் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூப் கன்டென்ட் ஐடியையும் சேர்த்திருந்தால், உங்கள் பாட்டை உங்கள் சனலில் போட்டாலும் உரிமைக் கோரல் வரும். முதல் வீடியோவை ஏற்றுவதற்கு முன்பே விநியோகஸ்தரிடம் சொல்லி உங்கள் சனலை விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

மூன்று நாலு பேர் கொண்ட குழு, அதில் ஒருவருக்குக் கமராவும் எடிட்டிங்கும் கைவந்த வேலை என்றால் வீடியோ நேர்காணலைத் தாராளமாக எடுங்கள். கொழும்பின் தமிழ் இசைக்காரர்களை ஒருவரோடு ஒருவர் அறிமுகப்படுத்துவதுதான் நோக்கம் என்றாலும் இதைவிட நல்ல வழி இல்லை. தனி ஆளுக்கு இது பாரம். யூடியூபில் இருந்தே ஆக வேண்டும் என்றால் தனிக்குரல் எபிசோட்டை ஓர் அசையாப் படத்தோடு ஏற்றி, அதிலிருந்து 40 விநாடித் துண்டொன்றை யூடியூப் ஷோர்ட்ஸாக வெட்டிப் போடுங்கள்.

விருந்தினராகப் போவது

நான்கில் செலவு குறைந்தது இதுதான். பயன் உடனே தெரியும், திரும்பி வர வீடு இல்லாவிட்டால் அதே வேகத்தில் ஆவியாகும். ஆகவே சொந்த நிகழ்ச்சியில் மூன்று எபிசோட்டாவது இருந்த பிறகே கேளுங்கள். நிகழ்ச்சி நடத்துபவருக்கு நீளமான சுயவிவரத்தை அனுப்பினால் திறக்க மாட்டார். 60 விநாடிக் குரல் பதிவொன்று அனுப்புங்கள்: ‘அண்ணா, உங்கட போன எபிசோட்டில மேடைக் கூலி பற்றிக் கதைச்சீங்கள். அதிலயே எனக்குச் சொல்ல ஒரு விசயம் இருக்கு’ என்று அவருடைய நிகழ்ச்சியில் இருந்தே தொடங்குங்கள். போகும்போது மூன்று சம்பவங்கள், 40 விநாடிப் பாட்டுத் துண்டு வேவ் கோப்பாக, ஒரே ஒரு இணைப்பு. ஐந்து இணைப்புக் கொடுத்தால் ஒன்றையும் தொட மாட்டார்கள். அந்த இணைப்பை விளக்கக் குறிப்பின் முதல் வரியில் போடச் சொல்லிக் கேளுங்கள். வானொலி நேர்காணல் கிடைத்தாலும் விடாதீர்கள். ஒலிபரப்பானதன் பிரதியையும், அதைத் திரும்பப் பயன்படுத்த அனுமதியையும் அன்றே கேட்டு வாங்குங்கள்.

வட்ஸ்அப் சனல்

இது தனியாக நிற்காது. பழைய குரல் பதிவைத் தேடி எடுப்பது கடினம், புதியவர் கண்ணில் படாது, வடிவமும் உங்கள் கையில் இல்லை. ஆனால் எபிசோட் வந்துவிட்டது என்று சொல்ல இதைவிட நெருக்கமான இடம் நம்மவரிடம் இல்லை. ஒலிபரப்புப் பட்டியலில் 256 பேர்தான் அடங்குவார்கள், அவர்களும் உங்கள் இலக்கத்தைச் சேமித்திருக்க வேண்டும். சனலுக்கு இந்தத் தடை இல்லை, ஒருவர் இலக்கம் மற்றவருக்குத் தெரியாது. இலக்கம் வெளியே போகாது என்பது பெண் நேயர்களுக்கு முக்கியம். சனலில் நேயர்கள் தாங்களாகப் பேச முடியாது என்பதால், பதில் அனுப்பத் தனியாக ஓர் இலக்கம் வைத்திருங்கள், சொந்த இலக்கத்தைக் கொடுக்க வேண்டாம்.

அந்த இலக்கத்தில்தான் விசுவாசம் கண்ணுக்குத் தெரியும். ஒவ்வோர் எபிசோட்டின் முடிவிலும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். ‘உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்’ என்றால் யாரும் சொல்ல மாட்டார்கள். ‘உங்கட அம்மா வேலை செய்யேக்க முணுமுணுக்கிற பாட்டு எது?’ என்று கேட்டால் சொல்வார்கள். வந்த குரல் பதிவுகளில் இரண்டை, அனுமதி கேட்டு, பெயரும் ஊரும் சொல்லி அடுத்த எபிசோட்டில் போடுங்கள். கொட்டாஞ்சேனையில் இருந்து பேசியவர் அந்த எபிசோட்டைத் தன் குடும்பம் முழுவதற்கும் அனுப்புவார்.

பதிவிறக்க எண்ணிக்கையை நம்பி முடிவெடுக்காதீர்கள். விளம்பரத் துறை ஏற்றுக்கொண்ட அளவுகோலில், ஒரு நிமிட அளவு ஒலி போனில் இறங்கினாலே அது ஒரு பதிவிறக்கம். கேட்டாரா என்று அது சொல்லாது. ஸ்பொட்டிஃபையும் அப்பிளும் தரும் வரைபடத்தில் எந்த நிமிடத்தில் ஆட்கள் விலகுகிறார்கள் என்று பாருங்கள். முதல் இரண்டு நிமிடத்தில் சரிந்தால் தொடக்கம் நீளம். பாட்டு தொடங்கும் இடத்தில் சரிந்தால் ஒலியளவைச் சோதியுங்கள். கடைசி நிமிடம் வரை கோடு தட்டையாகப் போனால் அந்த எபிசோட்டின் வடிவத்தையே பிடித்துக்கொள்ளுங்கள்.

அதோடு ஒரு கொப்பி வையுங்கள். இரண்டு தடவைக்கு மேல் பதில் அனுப்பியவரின் பெயர், ஊர், எந்தப் பாட்டுக்கு எழுதினார் என்பதை அதில் எழுதிக்கொண்டு வாருங்கள். முதல் பருவத்தின் முடிவில் கொழும்பிலும் சுற்றுவட்டத்திலும் 40 பெயர் சேர்ந்திருந்தால் ஒரு சிறு மண்டபத்தைப் பாதி நாளுக்குக் கேளுங்கள். பெரிய மேடை, ஒலிபெருக்கி ஒன்றும் வேண்டாம். அந்த 40 பேருக்கும் சனலில் அறிவிக்காமல் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் குரல் பதிவு அனுப்பி அழையுங்கள். அன்று பாடுவதையும் அவர்கள் சேர்ந்து பாடுவதையும் பதியுங்கள். அடுத்த பருவத்தின் முதல் எபிசோட்டுக்கு, தொடக்கத்தில் ஒலிக்க வேண்டிய அந்த 20 விநாடி அதில் இருக்கும்.